பூட்டு சார் முடிக்காத ஒரே கோப்பு

என் வீட்டுக்காரர் பதினான்கு இலாகாக்களில் வேலை பார்த்தவர். கேட்கிறவர்கள், "அடேயப்பா, எவ்வளவு அனுபவம்!" என்று வாயைப் பிளப்பார்கள். பதிமூன்று இடத்தில் அவரைத் துரத்திவிட்டார்கள் என்பது எனக்குத்தான் தெரியும். மேஜையில் தலைவைத்துத் தூங்கியிருந்தால் ஒரே இடத்தில் நிம்மதியாக இருந்திருப்பார். மனிதர் வேலை செய்து தொலைத்தார்.

எங்கள் அரசாங்கத்தில் ஒரு விதி உண்டு. வருடத்துக்கு ஒருமுறை ஆய்வு அதிகாரி வந்து, முடியாமல் கிடக்கும் கோப்புகளை எண்ணுவார். நிறைய இருந்தால், "பாவம், ஆள் பற்றாக்குறை" என்று இன்னும் இரண்டு பேரைக் கொடுப்பார். ஒன்றுகூட இல்லையென்றால், "இங்கே வேலையே இல்லை" என்று பிரிவை மூடி, அங்கிருப்பவர்களை உபரி என்று எழுதி, எங்கே காலியிடமோ அங்கே தள்ளிவிடுவார். இதைப் புரிந்துகொள்ள எனக்கு வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம் ஆனது. அவருக்கு முப்பத்தைந்து வருடம் போதவில்லை.

படகு உரிமப் பிரிவில் சேர்ந்தார். பதினோரு மாதத்தில் எல்லாப் படகுக்கும் உரிமம் கிடைத்து, பிரிவுக்குப் பூட்டு விழுந்தது. வறட்சி நிவாரணத்துக்குப் போனார். வறட்சி முடிவதற்கு முன்பே அலுவலகம் முடிந்துவிட்டது. அருங்காட்சியகத்தில், மூன்று தலைமுறையாக எண் போடப்படாமல் கிடந்த மண்பானை ஓடுகளுக்கெல்லாம் உட்கார்ந்து எண் போட்டார். காப்பாளர் கண்ணீர் விட்டார். நன்றியால் அல்ல. தொலைந்த பொருள் அலுவலகத்திலோ இன்னும் மோசம். குடைகளைத் தூக்கிக்கொண்டு உரியவர்களைத் தேடி வீடுவீடாக அலைந்தார். ஒருவர், "இதத் தொலைக்கணும்னுதான் சார் பஸ்ல விட்டுட்டு வந்தேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டாராம்.

இப்படித்தான் 'பூட்டு சார்' என்ற பெயர் வந்தது. புது இலாகாவுக்குப் போகும்போதெல்லாம் சீனியாரிட்டியில் கடைசி ஆளாகத்தான் சேர்வார். அதனால் உதவியாளராகவே தலை நரைத்தார். எடை அளவு முத்திரை அலுவலகத்தில் கிளார்க்காகச் சேர்ந்த நான், அதே அறையில், அதே ஜன்னலோரத்தில் உட்கார்ந்தபடியே கண்காணிப்பாளர் ஆனேன்.

அவர் எங்கெங்கோ இருந்தார். நான் இங்கே இருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பையோடு வருவார், திங்கட்கிழமை விடிவதற்குள் போய்விடுவார். எங்கள் மகள் பேசக் கற்றபோது அவரை 'சனிக்கிழமை அப்பா' என்றுதான் கூப்பிட்டாள். நாங்கள் சிரித்தோம். அவர் பஸ் ஏறிய பிறகு நான் அழுதேன்.

அவள் மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோதே, மனைவி இருக்கும் ஊருக்கு மாற்றல் கேட்டு மனு கொடுத்திருந்தார். 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு பதில் வந்தது, அவ்வளவுதான். இருபத்தொரு வருடமாக, அந்த மனுவின் மேல் உட்கார்ந்திருக்கிற முகம் தெரியாத கிளார்க்கை நான் திட்டாத நாளில்லை. "எந்தக் கட்டையில போறவன் கையில மாட்டியிருக்கோ! அவன் நல்லா இருப்பானா?" என்பேன். அவர், "விடும்மா, அவனுக்கும் என்ன கஷ்டமோ" என்பார். எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

ஓய்வு பெறப் பதினான்கு மாதம் இருக்கும்போது, பதிமூன்றாவது அலுவலகமும் மூடப்பட்டு, உபரி ஊழியராக என் அலுவலகத்துக்கே அனுப்பப்பட்டார். மனுவால் இல்லை, தற்செயலாக. எங்கள் பியூன் ஆர்டரைப் படித்துவிட்டு வெளிறிப்போய் ஓடிவந்தார். "மேடம், பூட்டு சார் வராராம்! நம்ம கதை முடிஞ்சுது!"

"அவர் என் வீட்டுக்காரர்யா."

"அது தெரியும் மேடம். அதனாலதான் மெதுவா சொல்றேன்."

பியூன் பயந்ததில் தப்பில்லை. எங்கள் இரும்பு அலமாரியில் நானூற்றுப் பன்னிரண்டு கோப்புகள் இருந்தன. எங்கள் ஐந்து பேரின் நாற்காலியும் அந்தக் குவியலின் மேல்தான் நின்றது. முட்டைமேல் கோழி மாதிரி அதைக் காத்து வந்தவள் நான். அது காலியானால் நான் ஒரு மூலை, அவர் ஒரு மூலை. கடைசிப் பதினான்கு மாதமும் சனிக்கிழமைதான்.

காலையில் சாப்பாட்டு மேஜையில் சத்தியம் வாங்கினேன்.

"நாளுக்கு ஒரு ஃபைல். அதுக்கு மேல கை வெச்சீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

"சரிம்மா."

"ஆபீஸ்ல மேடம்."

"சரிங்க மேடம்."

சேர்ந்து ஒரே பஸ்ஸில் போனோம், ஒரே பஸ்ஸில் வந்தோம். ஐம்பத்து மூன்று வயதில் எனக்குப் புதுப்பெண் களை வந்துவிட்டதாகப் பியூன் சொன்னார். பிறகு என் வீட்டுக்காரர் நடைப்பயிற்சி என்று சொல்லிக் காலையில் முன்னதாகவே கிளம்ப ஆரம்பித்தார். உடம்புக்கு நல்லதுதானே என்று நானும் விட்டுவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஆய்வுக்கு இரண்டு நாள் முன்பு, அந்த அலமாரியின் கதவு மூடியிருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அது மூடி நான் பார்த்ததில்லை. கோப்புகள் பிதுங்கிக்கொண்டு கதவைத் தள்ளியபடியே இருக்கும். ஓடிப்போய்த் திறந்தேன். நான்கு தட்டும் துடைத்துவிட்டது போல் இருந்தது.

"என்னங்க பண்ணிட்டீங்க?" என்று கத்தினேன். ஆபீஸ், மேடம், சார் எல்லாம் பறந்துவிட்டது. "பதினாலு மாசம் என்கூட இருக்கப் பிடிக்கலையா உங்களுக்கு?"

அவர் எழுந்து நின்றார். தப்பு செய்த பையன் மாதிரி பேனாவைச் சட்டையில் குத்தினார்.

"ஒவ்வொரு ஃபைலுக்குள்ளயும் ஒரு ஆள் நின்னுக்கிட்டு இருக்காங்கம்மா. உட்காரச் சொல்லக்கூட ஆளில்லாம. எனக்குப் பார்த்துக்கிட்டு இருக்க முடியல."

"நான் நின்னது தெரியலையா?"

அவர் தன் மேஜை இழுப்பறையைத் திறந்து, நாடா கட்டிய ஒரு கோப்பை எடுத்து என் முன் வைத்தார். "எல்லாத்தையும் முடிக்கல. இது ஒண்ண வெச்சிருக்கேன். சேர்ந்த முதல் வாரமே கிடைச்சுது."

அட்டையில் 'இதரவை' என்று மட்டும் இருந்தது. எந்த இனத்திலும் சேராத கோப்புகளுக்கு நாங்கள் போடும் பெயர் அது. உள்ளே தலைமை அலுவலகத்தின் கடிதம்: 'இணைப்பில் காணும் மனுதாரரைப் பணியமர்த்தத் தங்கள் அலுவலகத்தில் இடம் உள்ளதா எனத் தெரிவிக்கவும்.' இணைப்பில் அவருடைய கையெழுத்து. 'குழந்தை பிறந்து மூன்று மாதமே ஆகிறது' என்ற வரி. கடிதத்தின் ஓரத்தில், அதைப் படிக்காமலே எழுதிய குறிப்பு: 'பிறகு பார்க்கலாம்.' அதன் கீழே இருபத்தொரு வருடத்துக்கு முந்தைய தேதி.

சுருக்கொப்பம் என்னுடையது.

கட்டையில் போகிற அந்தக் கிளார்க் நான்தான். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பியூன் தண்ணீர் கொண்டுவர ஓடினார்.

"முதல் வாரமே தெரியுமா? ஏன் சொல்லல?"

"அந்தக் கிளார்க்கை நீ ரொம்பத் திட்டியிருக்கம்மா. பாவம்னு தோணுச்சு" என்றார். சிரித்தாரா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. நான்தான் அழுகையும் சிரிப்புமாக அசிங்கமாக மூக்கைச் சிந்தினேன்.

ஆய்வு அதிகாரி வந்தார். அலமாரியைப் பார்த்தார், பூட்டு சாரைப் பார்த்தார், புரிந்துகொண்டார். "மேடம், நிலுவை ஒண்ணும் இல்லைதானே? மூடிடலாமா?"

"ஒண்ணு இருக்கு சார்."

"ஒண்ணுதானே? இப்பவே முடிச்சுடுங்க, நான் காத்திருக்கேன்."

"முடியாது சார். விசாரணை நடந்துக்கிட்டு இருக்கு." காரணம் கேட்கும் கட்டத்தில் எழுதிக் கொடுத்தேன்: 'மனுதாரர் தினமும் நேரில் விசாரிக்கப்பட்டு வருகிறார்.' அவர் அதை இரண்டு முறை படித்தார். ஒன்று நிலுவையில் இருந்தாலும் பிரிவை மூடக்கூடாது என்பது அவருடைய விதிதான். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

புதுக் கோப்புகள் வரவர என் வீட்டுக்காரர் முடித்துக்கொண்டே இருந்தார். நான் தடுக்கவில்லை, சில நாள் நானும் கூட உட்கார்ந்தேன். இதரவை மட்டும் என் இழுப்பறையில் கிடந்தது. நாங்கள் ஒரே பஸ்ஸில் போனோம், வந்தோம்.

அவர் ஓய்வு பெற்ற அன்று, மாலை போட்டுப் பேசி முடித்து எல்லோரும் போன பிறகு, அவர் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கோப்பை எடுத்தேன். 'இடம் உள்ளதா?' என்ற கேள்விக்குக் கீழே, 'உள்ளது. உடனே வரலாம்' என்று எழுதி, முழுக் கையெழுத்தும் போட்டு, அவரிடம் நீட்டினேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு நிதானமாகப் படித்தார். பிறகு பதிவேட்டைத் திறந்து, அந்த எண்ணுக்கு நேரே 'முடிந்தது' என்று குறித்தார்.

"லேட்டாயிடுச்சுங்க" என்றேன்.

"பரவாயில்லம்மா, வந்துட்டேன்ல" என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டார். அன்று சனிக்கிழமை இல்லை, செவ்வாய்க்கிழமை.