இருக்கு மேடத்தின் இரண்டு பெட்டிகள்

புதுச் சட்டையின் மடிப்புக் கலையாமல் இருக்க உள்ளே ஓர் அட்டை வைத்திருப்பார்களே, அதை யார் வீட்டில் கண்டாலும் இருக்கு மேடம் கேட்டு வாங்கிக்கொண்டுவிடுவார். கேட்பதில் கூச்சமே கிடையாது. "தூக்கித்தானே போடப் போறீங்க, என்கிட்ட போடுங்க" என்பார். வீட்டுக்கு வந்ததும் குறிப்பெழுத வாகாக அளவுகோல் வைத்து எட்டாக வெட்டி, ஓரத்துப் பிசிறை நகத்தால் தேய்த்து, நூல் கட்டி மேசையின் வலது மூலையில் அடுக்குவார். பக்கத்து அறையில் காப்பி ஆறிக்கொண்டிருக்கும். மருமகள் இரண்டு தடவை குரல் கொடுத்துப் பார்த்துவிட்டு, மூன்றாவது தடவை தானே வந்து டம்ளரைக் கையில் திணித்துவிட்டுப் போவாள்.

பட்டப்பெயர் மாணவர்கள் வைத்தது. முப்பத்தொரு வருஷம் கல்லூரியில் தத்துவம் நடத்தினார்; அதிலும் ஆதி கிரேக்கர்கள் என்றால் அவருக்கு உயிர். முதல் நாள் வகுப்பில் பதிவேட்டைத் திறக்கவே மாட்டார். சாக்கட்டியும் கையுமாக நின்று, "இல்லைங்கிறதை நினைச்சுக் காட்டுங்க பாப்போம்" என்பார். ஒருவன் காலி டப்பா என்பான். "டப்பா இருக்கே!" ஒருத்தி இருட்டு என்பாள். "இருட்டு இருக்கே!" எதைச் சொன்னாலும் இருக்கே, இருக்கே என்று மடக்கினால் வேறு என்ன பெயர்தான் வைப்பார்கள்? அவருக்கும் தெரியும். வராந்தாவில் "டேய், இருக்கு வருது" என்று கிசுகிசுப்புக் கேட்டால், "வந்துக்கிட்டே இருக்கு" என்று பதில் சொல்லிக்கொண்டே உள்ளே நுழைவார்.

அந்தக் கேள்வி அவருடையதல்ல. இரண்டாயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு கிரேக்கரிடமிருந்து எடுத்தது. அந்தப் பெயர் லேசில் நம் வாயில் நுழையாது. மேடமே வீட்டில் ‘நம்ம கிழவர்’ என்றுதான் சொல்கிறார், நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். கிழவர் எழுதியது ஒரே ஒரு நூல். இருப்பது என்றால் என்ன, இல்லாமல் போவது என்று ஒன்று உண்டா என்பதுதான் அதில் விஷயம். இருப்பது ஒருநாளும் இல்லாமல் போகாது என்று அடித்துச் சொன்ன மனிதர். கொடுமை என்னவென்றால் அந்த நூல்தான் இல்லாமல் போய்விட்டது. பின்னால் வந்தவர்கள் தங்கள் புத்தகங்களில் எடுத்துக்காட்டிய நூற்றைம்பது சொச்சம் வரிகள் மட்டும் தேறின. அதிலும் பெரும்பகுதி, ஆயிரம் வருஷம் கழித்து வந்த ஓர் உரைகாரர், மூலநூல் அருகிப் போகிறதே என்று பயந்து நீளநீளமாக நகலெடுத்து வைத்ததால் பிழைத்தது. "புண்ணியவான். அவன் கை மட்டும் வலிச்சிருந்தா நம்ம பாடு அதோகதி" என்பார் மேடம்.

இதனால் அந்தத் துறையில் எல்லோருக்கும் ஒரு வழக்கம் உண்டு. கிழவரின் சொந்த வார்த்தை ஒரு பக்கம். கிழவர் இப்படிச் சொன்னாராம் என்று மற்றவர்கள் சொன்னது இன்னொரு பக்கம். சொந்த வார்த்தை யார் கையால் நகலாகி வந்தாலும் சொந்த வார்த்தைதான். கேள்விப்பட்டது எவ்வளவு பெரிய மனிதர் வாயிலிருந்து வந்தாலும் கேள்விப்பட்டதுதான். மேடம் அட்டைகளில் எழுதி, முன்னதை ஒரு தகரப் பெட்டியிலும் பின்னதைச் செருப்புப் பெட்டிகளிலும் வைத்தார். தகரப் பெட்டி ஒன்று, செருப்புப் பெட்டி ஏழு. முப்பது வருஷத்தில் ஓர் அட்டைகூடப் பெட்டி மாறி விழுந்ததில்லை. இந்த ஒரு விஷயத்தில் அவருக்குத் தலைக்கனம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும்.

அவருடைய கோபமெல்லாம் நம் காலத்து விளக்கக்காரர்கள்மேல். ஒருவர் கிழவரைக் கணக்குப் போடும் தர்க்கக்காரர் ஆக்கிவிட்டார். இன்னொருவர், ‘இருப்பு’ என்ற மகா விஷயத்தை மனிதகுலமே மறந்துவிட்டது, கிழவர் காலத்தில்தான் அது தெரிந்திருந்தது என்று தேம்பினார். மூன்றாமவருக்குக் கிழவர் ஒரு மந்திரவாதி, செத்தவர் உலகத்துக்குப் போய்வந்தவர். மேடம் இந்தப் புத்தகங்களின் ஓரங்களில் பென்சிலால் ‘எங்கே?’ என்று எழுதுவார். கிழவர் இதை எங்கே சொன்னார், காட்டு என்று அர்த்தம். சில பக்கங்களில் ஐந்தாறு ‘எங்கே’ இருக்கும். "அவங்கவங்க ஆசையைக் கிழவர் வாயில திணிக்கிறாங்க. இதுதான் வேணும்னு நினைச்சுக்கிட்டுப் படிச்சா எந்த வரியும் வேணுங்கிற மாதிரிதான் தெரியும். படிக்கிறவனுக்குக் கொஞ்சமாவது கல்நெஞ்சு வேணும்." இதை அவர் வகுப்பில் சொன்ன தேதியோடு பழைய மாணவர்கள் இன்றைக்கும் ஒப்பிப்பார்கள்.

அப்புறம் மகன் காணாமல் போனான்.

லிஃப்ட் பழுதுபார்ப்பவன். இருபத்தொன்பது வயது, கல்யாணமாகி இரண்டு வருஷம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை வேலைக்கென்று கிளம்பினான். மாலையில் அவன் வண்டி ஆற்றுப் பாலத்தின் ஓரத்தில் நின்றது, கைப்பிடியில் தலைக்கவசம் மாட்டியிருந்தது. பதினோரு நாள் தேடினார்கள். ஆற்றில் எதுவும் கிடைக்கவில்லை. மேடம் ஒவ்வொரு நாளும் கரையில் நின்று, தேடுபவர்களிடம், "இருக்கான். வேற பக்கம் பாருங்க, இருக்கான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு ஒரு புதுத் தகரப் பெட்டியையும் ஒரு செருப்புப் பெட்டியையும் மேசைமேல் வைத்தார்.

தகரப் பெட்டியில் மகனின் சொந்த வார்த்தைகள். தேடித் தேடிப் பார்த்ததில் பதினொன்றுதான் கிடைத்தன. ஓர் ஆள் இருபத்தொன்பது வருஷம் பேசியதில் எழுத்தில் நிற்பது இவ்வளவுதானா? ஃபிரிட்ஜ்மேல் ஒட்டிய சீட்டு, விடுதியிலிருந்து எழுதிய இரண்டு கடிதம், மற்றதெல்லாம் தொலைபேசியில் அனுப்பிய துண்டுச் செய்திகள். ‘டீச்சரம்மா, ரெண்டு நாள்ல வந்துடுவேன்.’ அது இரண்டு மாசப் பயிற்சிக்குப் போனபோது அம்மாவுக்கு அனுப்பியது. ‘ரெண்டு நாள்ல சரியாயிடும்.’ இது கால் எலும்பு முறிந்து ஆறு வாரம் கட்டோடு கிடந்தபோது. அவன் அகராதியில் எல்லா நீளத்துக்கும் இரண்டு நாள்தான். பதினொன்றில் ஏழு அட்டைகளில் அது இருப்பதை மேடம் எண்ணி, பெட்டி மூடியின் உள்பக்கம் குறித்து வைத்திருக்கிறார். கிழவரின் வரிகளுக்கு நடுவில் போலி வரி ஏதாவது நுழைந்திருந்தால் இப்படிப்பட்ட ஒரு சொல்லை வைத்தே பிடித்துவிடுவார், அந்தப் பழக்கம்.

செருப்புப் பெட்டியில் மற்றவர்கள் சொன்னது. படம் போட்டு விளம்பரம் கொடுத்தால் சொல்வதற்கு ஆளா இல்லை? தூரத்து ஊர் ரயில் நிலையத்தில் தாடியோடு ஒருவன். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஒருவன், இடது கால் லேசாக இழுக்கிறது. மனநல விடுதி ஒன்றில் பெயர் சொல்ல மறுக்கும் ஒருவன். ஒவ்வொன்றுக்கும் அட்டை, தேதி, சொன்னவர் யார், நேரில் பார்த்தாரா. முதல் நான்கு வருஷம் மாமியாரும் மருமகளுமாகப் பேருந்தும் ரயிலும் ஏறி ஒவ்வோர் ஆளையும் போய்ப் பார்த்தார்கள். ஒருவனும் அவன் இல்லை. மேடம் அட்டையின் பின்பக்கம் ‘இவன் அல்ல’ என்று எழுதித் திரும்பவும் பெட்டியிலேயே போட்டார். இருநூற்றுப் பன்னிரண்டு அட்டைகள்.

மருமகள் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க, "இது தெளிவா தெரியுதா? இப்ப?" என்று கேட்டுக் கேட்டு அவள் குரலே பொறுமையின் குரலாகிவிட்டது. பிறந்த வீட்டார் வந்து கூப்பிட்டபோதும் போகவில்லை. ஏழு வருஷம் அத்தையோடுதான். அதே கடையில் லென்ஸ் தேய்த்துக் கொடுக்கிறவர் இவளுக்காக இரண்டு வருஷமாகக் காத்திருக்கிறார். மேடத்துக்கும் அவரைத் தெரியும், பிடிக்கவும் செய்யும். "நல்ல பிள்ளை. போயேன், யாரு உன்னைப் பிடிச்சு வெச்சிருக்கா?" என்பார். "சட்டம் பிடிச்சு வெச்சிருக்கு அத்தை" என்பாள் அவள். காணாமல் போனவரைப் பற்றி ஏழு வருஷம் எந்தத் தகவலும் இல்லையென்றால் இறந்தவராக அறிவிக்கலாம். பெற்றவளும் அதை எழுதிக் கொடுத்துவிட்டால் சீக்கிரம் முடியும்; பெற்றவளே மறுத்தால் எத்தனை வருஷம் இழுக்குமோ சொல்ல முடியாது என்று வக்கீல் கைவிரித்துவிட்டார். அவளுக்கு முப்பத்தைந்து வயது. காத்திருப்பவரின் தாயார் வேறு இடம் பார்க்கத் தொடங்கியிருந்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் மருமகள், வக்கீல் எழுதிக் கொடுத்த தாளை மேசைமேல் வைத்தாள். மேடம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வழக்கம்போல் பென்சிலோடு படித்தார். ‘உயிருடன் இருப்பதாக இதுநாள் வரை எந்தத் தகவலும் இல்லை’ என்ற இடத்தில் பென்சில் நின்றது.

"தகவல் இல்லைன்னு எப்படி எழுதறது? பெட்டி நிறைய இருக்கே."

"அதெல்லாம் யாரோ சொன்னது அத்தை."

"சொன்னது சொன்னதுதானே?"

மருமகளின் பொறுமை அந்த இடத்தில்தான் அறுந்தது. "உங்க கிழவரைப் பத்தி எவனாவது இப்படிச் சொன்னா ‘எங்கே, எங்கே’ன்னு கிழிச்சுத் தோரணம் கட்டுவீங்க! உங்க பிள்ளைன்னா மட்டும் எவன் எதைச் சொன்னாலும் அட்டை போடுவீங்களா? எனக்கு வயசாகுது அத்தை. நான் என்ன, அந்தப் பெட்டியில இன்னொரு அட்டையா?"

மேடம் தாளைத் தள்ளி வைத்தார். "அவன் போயிட்டான்னு அவன் சொன்னானா? அவன் வாயால சொன்ன ஒரு வார்த்தை காட்டு. இந்த நிமிஷமே போடறேன் கையெழுத்து."

மருமகள் உள்ளே போய், ஒரு பழைய நாட்குறிப்பை எடுத்து வந்து, கடைசிப் பக்கத்தைப் பிரித்து அத்தையின் முன்னால் வைத்தாள். அவளுடைய கையெழுத்தில் நான்கு வரிகள், மேலே அந்தச் செவ்வாய்க்கிழமையின் தேதியும் நேரமும்.

‘என்னால முடியல. யாரும் காரணம் இல்லை. என்னைத் தேட வேண்டாம். டீச்சரம்மாகிட்ட ரெண்டு நாள் கழிச்சுச் சொல்லு.’

"எனக்கு அனுப்பினது. அந்த போன் சாகப்போகுதுன்னு தெரிஞ்சதும் எழுதி வெச்சுக்கிட்டேன்" என்றாள். "அன்னைக்கே ஓடி வந்தேன் சொல்றதுக்கு. நீங்க ஆத்தங்கரையில நின்னுக்கிட்டு ‘இருக்கான், இருக்கான்’னு சொல்லிக்கிட்டிருந்தீங்க. எந்த வாயால சொல்லுவேன்? அப்புறம் பயமாயிடுச்சு. இத்தனை நாள் மறைச்சாளே, இவதான் என்னமோ பண்ணியிருக்கான்னு நீங்களே நினைச்சுடுவீங்களோன்னு. நாள் ஆக ஆக இன்னும் சொல்ல முடியாம போச்சு."

"எல்லா ஊருக்கும் என்கூட வந்தியே" என்றார் மேடம்.

"தனியா எப்படி அனுப்புவேன் உங்களை?"

மேடம் நாட்குறிப்பைச் சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டு போனார். போலி வரியைச் சோதிக்கிற அதே முகம், அதே சுருங்கிய புருவம். "இதை நீயே எழுதியிருக்கலாம்" என்றார். மருமகள் மறுக்கவில்லை, அழவும் இல்லை. மேடத்தின் விரல் வரியோடு போய்க் கடைசியில் ஒரு சொல்லின்கீழ் நின்றது. அங்கேயே வெகுநேரம் இருந்தது.

"இல்ல" என்றார். "ரெண்டு நாளாம். ஏழு வருஷத்தை ரெண்டு நாள்னு அவன்தான் சொல்லுவான், படுபாவி. அவன்தான்."

நாற்காலியில் உட்கார்ந்தார். மருமகள் ஓடிப் போய்த் தண்ணீர் கொண்டு வந்தாள். அதைக் குடிக்காமல் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "இதை நீ ஒருத்தியா வெச்சுக்கிட்டு எனக்குச் சோறு போட்டியாடி கண்ணு" என்றார். அப்போதுதான் மருமகள் அழுதாள். ஏழு வருஷத்து அழுகை, வாய்விட்டு. மேடம் அவள் அழுது முடிக்கும்வரை கையை விடவில்லை.

பிறகு பென்சிலை வைத்துவிட்டுப் பேனா கேட்டார். தாளின் அடியில் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மை காயும்வரை ஊதி, இரண்டாக மடித்து மருமகள் கையில் கொடுத்தார். "அந்தப் பிள்ளைக்கு போன் பண்ணிச் சொல்லு. பாவம், காத்துக்கிட்டு இருக்கும்."

மருமகள் வாசல்பக்கம் போய் எண்ணை அழுத்தினாள். அங்கிருந்து மேசை தெரிந்தது. மேடம் நூல் கட்டிய அடுக்கிலிருந்து ஒரு புது அட்டையை உருவினார். நான்கு வரிகளையும் அச்சுப்போல நகலெடுத்தார், தேதி போட்டார், மூலையில் ‘மருமகள் வழியாக’ என்று குறித்தார். தகரப் பெட்டியைத் திறந்தார். பதினொன்றுக்குப் பின்னால் இடம் இருந்தது. அட்டையைக் கையில் பிடித்தபடி அந்த இடத்தையே பார்த்தார். தகரப் பெட்டியை மூடினார். செருப்புப் பெட்டியை அருகில் இழுத்து, துறைமுகத்து மூட்டைக்காரனுக்கும் விடுதிக்காரனுக்கும் நடுவில் அந்த அட்டையைச் செருகி, மற்ற அட்டைகளோடு அது சமமாக நிற்கும்வரை உள்ளங்கையால் அமுக்கினார்.