எங்கிட்ட ஒண்ணுமில்ல, நம்புங்க

எங்கள் கடைத்தெருத் தையற்காரர் வாயைத் திறந்தால் புளுகு. அடுத்த கடையில் கடிகாரம் பழுது பார்க்கிறவன் என்பதால் இதை அடித்துச் சொல்கிறேன். என் பேன்ட் துணி ஒன்று அவர் அலமாரியில் கிடக்கிறது. அளவு கொடுத்தபோது இருந்த இடுப்பு இப்போது எனக்கு இல்லை. எப்போது கேட்டாலும் பட்டன் மட்டும்தான் பாக்கி, நாளைக்குக் கண்டிப்பாகத் தந்துவிடுகிறேன் என்பார். நேரத்தையே தொழிலாகக் கொண்ட என்னிடம் போய் இப்படிச் சொல்கிறாரே என்று பற்றிக்கொண்டு வரும்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் என் கடைக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து கையைப் பிசைந்தார். அவர் மனைவி கண் மருத்துவமனையில், ஏ.சி. குளிர் வாட்டுகிற வரவேற்பறையில் வேலை பார்க்கிறவர். அந்த அம்மா தன் கோட்டுக்கு வாங்கிய துணியைப் பக்கத்துத் தெருத் தையற்காரரிடம் கொடுத்துவிட்டாராம்.

"ஊரே நம்பாம போகட்டும் சார். அவளே நம்பலைன்னா அப்புறம் என்ன இருக்கு?" என்றார். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் வியாபாரிகள் சங்கம் போக்கர் சீட்டாட்டப் போட்டி வைத்தது. காசு கிடையாது, பந்தயம் கட்டப் பிளாஸ்டிக் வில்லைகள்தான். ஜெயித்தவருக்கு ஒரு கோப்பை. நடத்துகிறவன் தையற்காரரின் மைத்துனன், செல்போன் கடையில் விற்பனையாளன். தையற்காரர் மனைவியிடம் சவால் விட்டார்: கோப்பையோடு வந்தால் கோட்டுத் துணியைத் திருப்பி வாங்கித் தன்னிடமே தர வேண்டும். அந்த அம்மாவும் சிரித்துக்கொண்டே சரி என்றார்.

பிரச்சினை என்னவென்றால், தையற்காரருக்குப் போக்கர் தெரியாது. எனக்கும் தெரியாது. மைத்துனன் தையற்காரர் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே அவருக்கும் அவர் மனைவிக்கும் எனக்கும் வகுப்பு எடுத்தான். ஆளுக்கு இரண்டு சீட்டு, மேசைமேல் பொதுவாக ஐந்து. ஒரே சீட்டு ஜோடி சேர்ந்தால் பலம், மூன்று சேர்ந்தால் இன்னும் பலம். எல்லோருக்கும் ஒரே அளவு வில்லைகள். தீர்ந்தால் எழுந்து போக வேண்டியதுதான், மறுபடி வாங்க முடியாது. நேரம் ஆக ஆகக் கட்டாயமாக வைக்க வேண்டிய வில்லைகளும் கூடிக்கொண்டே போகும். அதனால் மோசமான சீட்டு வந்தால் அதைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்க வேண்டும் என்றான்.

ஒதுங்குவதுதான் தையற்காரருக்கு வரவில்லை. வந்த துணியை வேண்டாம் என்று சொல்லிப் பழகாதவர், வந்த சீட்டையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லா ஆட்டத்திலும் இறங்கினார், எல்லாவற்றிலும் தோற்றார். அடுத்து, கையில் ஒன்றும் இல்லாதபோது இருப்பதுபோல் காட்டி அடுத்தவர் காதில் பூ சுற்றுவது எப்படி என்று பாடம். இது அவருக்குக் கைவந்த கலை என்று நான் நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். மனிதருக்குக் காது சிவந்தது, வியர்த்துக் கொட்டியது. தண்ணீர் கேட்டார். பதற்றத்தில் குண்டூசி என்று நினைத்து ஒரு சீட்டை வாயில் கவ்விக்கொண்டார்.

மைத்துனன் தலையில் அடித்துக்கொண்டான். "மாமா, உங்களுக்கு இது சரிப்படாது. பேசாம உள்ளதைச் சொல்லிடுங்க. எப்படியும் யாரு நம்பப்போறா?"

கிண்டலுக்குச் சொன்னதை அவர் அப்படியே பிடித்துக்கொண்டார். பெரிய போட்டிகளில் கையில் இருப்பதை வெளியே சொல்ல விடமாட்டார்களாம். எங்கள் சங்கத்தில் அப்படி விதி எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சங்கக் கூடத்தில் உட்கார்ந்தோம். ஓர் ஆள் குறைந்ததால் தையற்காரர் மனைவியையும் உட்கார வைத்தார்கள். மேசையில் மற்ற எல்லோருமே தையற்காரரிடம் துணி கொடுத்து ஏமாந்தவர்கள். இரண்டாவது ஆட்டத்திலேயே அவர் அச்சுக்கடைக்காரரிடம், தன்னிடம் மூன்று ராஜா இருப்பதாகவும் அவர் ஒதுங்கிவிடுவது நல்லது என்றும் சொன்னார். தன் சட்டைக்காக எத்தனையோ காலம் நடையாய் நடந்தவர் அந்த அச்சுக்கடைக்காரர். இருந்த வில்லைகளையெல்லாம் தூக்கி வைத்தார். மூன்று ராஜாவும் இருந்தன. அச்சுக்கடைக்காரர் முதல் ஆளாக எழுந்து போனார்.

அடுத்த முறை, தன்னிடம் ஒன்றுமே இல்லை என்று சொல்லிக்கொண்டே எல்லா வில்லைகளையும் தள்ளினார். கட்டாயம் பெரிய சீட்டுத்தான் வைத்திருக்கிறார் என்று மேசையே ஒதுங்கியது. உண்மையிலேயே ஒன்றும் இல்லை. இருந்தால் இருக்கிறது என்றார், வந்து மாட்டினார்கள். இல்லையென்றால் இல்லை என்றார், ஓடினார்கள். நானாவது சுதாரித்திருக்க வேண்டும். "சார், வராதீங்க, மூணு ஒன்பது இருக்கு" என்று எனக்காக உருகிச் சொன்னார். என் பேன்ட் ஞாபகம் வந்தது. மொத்தத்தையும் வைத்துவிட்டு அசடு வழிய எழுந்து போய் நாற்காலியைச் சுவரோரம் போட்டுக்கொண்டேன்.

கடைசியில் மிஞ்சியவர்கள் இரண்டே பேர்: தையற்காரர், அவர் மனைவி. அந்த அம்மா மோசமான சீட்டையெல்லாம் அலட்டாமல் வைத்துவிட்டு, நல்லது வந்தபோது மட்டும் ஆடி அங்கே வந்து சேர்ந்திருந்தார். வில்லைகள் அவரிடம் ஒரு கைப்பிடி கூடுதல்.

மேசைமேல் ஐந்து சீட்டும் விழுந்தாயிற்று. தையற்காரரிடம் ஓர் ஏழு, ஒரு மூன்று. எதோடும் சேரவில்லை. மதியம் முழுக்கக் கைகொடுத்த வழிதானே என்று எல்லா வில்லைகளையும் முன்னால் தள்ளினார்.

"எங்கிட்ட ஒண்ணுமில்ல, நம்பு" என்றார்.

அந்த அம்மா அவர் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. "சரிங்க" என்று சொல்லித் தன் வில்லைகளையும் தள்ளினார். திருப்பிக் காட்டினால் இரண்டு நாலு சேர்ந்த ஒரு நோஞ்சான் ஜோடி. ஜெயிக்க அது போதுமாக இருந்தது.

மைத்துனனுக்குத் தாங்கவில்லை. "அக்கா, இதை வச்சுக்கிட்டு எந்தத் தைரியத்துல இறங்கினே?"

"அவர்தான் ஒண்ணுமில்லன்னு சொன்னாரே."

"மாமா சொன்னா நம்பிடறதா?"

"பின்ன? தெரிஞ்சு ஒரு பொய் சொல்லி நான் பார்த்ததில்ல. நாளைக்குன்னு சொல்றப்பகூட, எப்படியும் முடிச்சிடலாம்னு நினைச்சுத்தான் சொல்றார்."

அவ்வளவு நாள் பக்கத்திலேயே இருந்தும் எனக்கு இது தோன்றவே இல்லை. தையற்காரர் தன் ஏழையும் மூன்றையும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கண் கலங்கிவிட்டது. சீட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "அப்போ அந்தத் துணி?"

"உங்களை நம்பறேங்க. ஆனா எனக்குக் குளிருமில்ல?"

அவர் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. மனைவியின் கோப்பையைத் தானே தூக்கிக்கொண்டு கடைத்தெரு வழியாக நடந்தார். எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், "நான் தோத்துட்டேங்க, நல்லாத் தோத்துட்டேன்" என்று பூரித்துப்போய்ச் சொன்னார். எல்லோரும் கோப்பையைப் பார்த்தார்கள், கை குலுக்கி வாழ்த்தினார்கள்.