கொதிக்க வைக்காத புரோட்டீன்

உங்கள் கணையம் தன்னையே ஜீரணிக்கத் தொடங்கினால் என்ன ஆகும், யோசித்ததுண்டா? குடலுக்குப் போய் சாப்பாட்டை உடைக்க வேண்டிய என்சைம், கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொள்ளும். அதுதான் கணைய அழற்சி. வலி முதுகு வரை பாயும். சிலருக்கு உயிரே போகும்.

ஜார்ஜ்டவுனில் ஒரு லேப்பில் ரிசர்ச் அசிஸ்டெண்டாகச் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு இதே வேலை. செல்லுக்குச் சூடோ அடியோ விழுந்தால் அது ஸ்ட்ரெஸ் புரோட்டீன்களைத் தயாரிக்கும். உள்ளே இருக்கும்வரை அவை நல்ல பிள்ளைகள். என்சைம் அவசரப்பட்டு விழிக்காமல் பார்த்துக்கொள்ளும். செல் செத்து உடைந்தால் வெளியே கொட்டும். அப்போது நோய் எதிர்ப்பு செல்களின் மேல் இருக்கும் டிஎல்ஆர்-4 என்ற ரிசெப்டர் அவற்றைப் பிடித்து அலாரம் அடிக்கும், அழற்சி கூடும் என்பது எங்கள் சந்தேகம். நிரூபிக்க வேண்டியது நான்.

நிரூபித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். குழி குழியான பிளாஸ்டிக் பிளேட்டில் எதிர்ப்பு செல்களை வளர்த்து, அவற்றின்மேல் அந்தப் புரோட்டீனை விட்டேன். அளவு கூடக் கூட அழற்சி சிக்னலும் ஏறியது. கிராஃப் படிக்கட்டு மாதிரி இருந்தது. பாஸ் டாக்டர் சகாயம் துள்ளினார்.

"சூப்பர் லா! திங்கக்கெழம எலி ஆர்டர் போட்டுடலாம். நாப்பது எலி."

நாற்பதுக்கும் அழற்சியை வரவழைத்து, பிறகு கொன்று, கணையத்தை அறுத்துப் பார்ப்போம். எல்லாம் என் கிராஃபை நம்பி.

வெள்ளிக்கிழமை காலை, பிஎச்டி செய்யும் ஸ்டெல்லா அக்கா என் ஸ்கிரீனை எட்டிப் பார்த்தார்.

"அழகா இருக்கு. கொதிக்க வெச்ச புரோட்டீன் எங்க?"

"பிளேட்ல எடம் பத்தலக்கா."

"தொண்ணூத்தாறு குழி இருக்கு, எடம் பத்தலையா?"

"டோஸ் நெறைய போட்டா கிராஃப் ஸ்மூத்தா வரும்னு..."

"ஏய், பாயான் லெப்பாஸ் சிப் ஃபேக்டரில கியூசி பாத்தவதானே நீ? அங்கயும் இப்படித்தான் மேக்கப் போட்டு அனுப்புனியா?"

சுருக்கென்றது. அந்த ஃபேக்டரியில் ஒவ்வொரு ஷிஃப்டிலும் தெரிந்தே ஒரு கெட்ட சிப்பை முதலில் டெஸ்டரில் போடுவோம். மெஷின் அதை ஃபெயில் செய்தால்தான் மற்றதைத் தொடுவோம். எட்டு மாதம் செய்த வேலை. லேப் கோட் போட்டதும் மறந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். நாங்கள் வாங்கிய புரோட்டீன் பாக்டீரியாவில் வளர்த்தது. பாக்டீரியாவின் சுவர்க் குப்பை கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரலாம். டிஎல்ஆர்-4-இன் பிறவித் தொழிலே அந்தக் குப்பையைப் பிடிப்பதுதான். கொதிக்க வைத்தால் புரோட்டீன் குலைந்துபோகும், குப்பை அசையாது.

அன்றே கொதிக்க வைத்துப் போட்டேன். சனிக்கிழமை மதியம் ரீடிங் வந்தது. குலைந்துபோன புரோட்டீனும் அதே படிக்கட்டில் ஏறியிருந்தது. அலாரம் அடித்தது குப்பை.

உடனே போன் போட்டேன்.

"டாக்டர், எலி ஆர்டர் போடாதீங்க. என் ரிசல்ட் தப்பு."

"அலாமாக்! எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனேமா."

"திங்கக்கெழம லேப் மீட்டிங்ல நானே சொல்றேன்."

"எல்லார் முன்னாடியுமா?"

"நான்தானே போட்டேன் டாக்டர்."

திங்கட்கிழமை எழுந்து நின்று, கொதிக்க வைத்ததை இடமில்லையென்று விட்டதுவரை சொன்னேன். காது எரிந்தது. ஒரு சீனியர், "எடம் பத்தலையாம் லா" என்று சிரித்தார். சிரிக்கட்டும். எலி ஆர்டர் போகவில்லை.

லேப்புக்கு வரப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: ரிசல்ட் ரொம்பப் பிடித்துப்போனால், முதலில் அதைச் சாகடிக்கப் பாருங்கள். பிழைத்தால் நம்புங்கள். எங்கள் சந்தேகம் தப்பென்று இன்னும் முடிவாகவில்லை; அதை நான் ஒழுங்காகக் கேட்கவே இல்லை, அவ்வளவுதான். இந்தத் தடவை மனித செல்லில் வளர்த்த, குப்பை இல்லையென்று சோதித்த புரோட்டீன் வாங்கியிருக்கிறோம். விடப்போவதில்லை.

இப்போது காலை பத்தே கால். பிளேட் இன்குபேட்டரில் இருக்கிறது. முதல் வரிசை, கொதிக்க வைத்தது.