கீழ்வீட்டுக்கு இறங்கிப் போன புல்தரை

வட்டகொடைக்கு மேலே ஏழு பேர்ச் காணியில் நாங்கள் சொந்த வீடு கட்டிக் குடிவந்து இரண்டு வருடம் ஆகியும், முன்வாசல் வெறும் சிவப்பு மண் சரிவாகவே கிடந்தது. மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் புழுதி. மகளின் நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்ததும் எனக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் ஹட்டனிலிருந்து வந்து இறங்கும்போது வாசலில் பச்சைப் புல்தரை இருக்க வேண்டும். நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்து வளர்ந்தவள். அங்கே கதவைத் திறந்தால் ஒரு படி, படிக்குக் கீழே கழிவுநீர் ஓடும் கான், அவ்வளவுதான் வாசல். துரை பங்களாவின் புல்தரையை வேலிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி.

தலவாக்கலையில் ஒருவர் வீடுகளுக்குப் பூந்தோட்டம் போட்டுக் கொடுக்கிறார் என்று என்னோடு படிப்பிக்கும் ஆசிரியை சொன்னார். அவரை வரவழைத்தேன். நாற்பது வயதிருக்கும். முன்பு எஸ்டேட் நர்சரியில் தேயிலைக் கன்று வளர்த்தவர். இப்போது மனைவியையும் இரண்டு ஆட்களையும் வைத்துக்கொண்டு, பேசிய தொகைக்குக் கொந்தராத்து எடுத்து வேலை செய்கிறார். வந்ததும் எந்த இடத்தில் என்ன பூ வேண்டும் என்றெல்லாம் கேட்கவில்லை. ஒரு வாளி தண்ணீர் கேட்டார். அதைச் சரிவின் உச்சியில் ஊற்றிவிட்டு, அது போகும் பாதையைப் பார்த்தபடியே நின்றார். தண்ணீர் மூன்றாகப் பிரிந்து நேரே கீழ்வீட்டு முற்றத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

"மொதல்ல கான் வெட்டணும் டீச்சர். அப்புறம் கல்லு கட்டி மூணு தட்டா பிரிக்கணும். மண்ணு ஒரு மாசமாவது அமுங்கிக் கெடக்கணும். புல்லு அதுக்கப்புறந்தான்."

"ஒரு மாசமா? அடுத்த ஞாயிறு மாப்பிள்ள வீட்டுக்காரங்க வர்றாங்க. அதுக்குள்ள புல்லு மட்டுமாச்சும் போட்டுக் குடுங்க. மத்தத பொறவு பாத்துக்கலாம்."

அவர் தலையைச் சொறிந்தார். "முடியாதுன்னு சொல்லுங்க" என்று அவர் மனைவி பக்கத்தில் நின்று மெதுவாகச் சொன்னது என் காதிலும் விழுந்தது. விழாததுபோல் இருந்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்த மனிதருக்கு மறுக்க மனம் வரவில்லை.

ஒரு வாரம் மண் நிரவி, வெள்ளிக்கிழமை மாலை, மண்ணோடு வெட்டி வந்த புல் துண்டுகளைப் பாய் விரிப்பதுபோல் வரிசையாக விரித்து முடித்தார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு நடுவில் போய் நின்றேன். உள்ளங்காலில் குளிர் ஏறியது. மகள் படம் எடுத்து மாப்பிள்ளைக்கு அனுப்பினாள். என் கணவர் ஓரத்தில் நின்றபடி, "மிதிக்கலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் காலை வைத்தார்.

அன்றிரவு மழை கொட்டித் தீர்த்தது. விடிந்ததும் போன் அடித்தது. கீழ்வீட்டுச் சிங்களப் பெரியவர்; ஐயா என்பதற்கு அவர்கள் சொல்வதுபோல் 'மாத்தயா' என்றே கூப்பிடுவோம். ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் சிங்களத்தில்தான் பேசிக்கொள்வோம்.

"டீச்சர், உங்க புல்லு எங்க வீட்டுக்கு வந்திருக்கு" என்றார்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். எங்கள் வாசல் பழையபடி சிவப்பாகக் கிடந்தது. புல் துண்டுகள் எல்லாம் வழுக்கிக்கொண்டு இறங்கி, அவர் முற்றத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்திருந்தன. ஒரு துண்டு தண்ணீர்க் குழாய்மேல் தொப்பி போட்டதுபோல் உட்கார்ந்திருந்தது. நடுவே மாத்தயா குடையோடு நின்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் மகள் அந்தக் குழாயைப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். அவளைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஒரு மணி நேரத்தில் கொந்தராத்துக்காரர் மனைவியோடும் ஆட்களோடும் ஆட்டோவில் வந்து இறங்கினார்.

"நான் அன்னைக்கே முடியாதுன்னு சொல்லியிருக்கணும் டீச்சர். தப்பு எம்மேலதான்."

"இல்லங்க. அவசரப்படுத்துனது நாந்தான். அக்கா சொன்னதும் எனக்குக் கேட்டுச்சு" என்றேன். அவர் மனைவி வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார்.

கொந்தராத்துக்காரர் ஒரு துண்டைத் தூக்கிக்கொண்டு சரிவில் ஏறப் பார்த்தார். கால் முழங்கால் வரை சேற்றில் புதைந்தது. கீழேயிருந்து மாத்தயா குரல் கொடுத்தார்.

"எதுக்கு மேல தூக்குறீங்க? இங்கயே விரிங்க. நாளைக்கு விருந்தாளிங்க இங்கயே உக்காரட்டும்."

"ஒங்களுக்கு எதுக்கு மாத்தயா இந்தச் சிரமம்?"

"பாத அடைச்சிருந்தா முந்தின ஸ்டேஷன்லயே ஆளுங்கள எறக்கிவிடுவோம் டீச்சர். நான் எத்தனையோ தடவ செஞ்சிருக்கேன்."

மாத்தயாவின் மனைவி துணி காயப்போடும் கொடியை அவிழ்த்து வேறு பக்கம் கட்டினார். ஆட்கள் முற்றத்தைக் கொத்திவிட, கொந்தராத்துக்காரரின் மனைவி கிழிந்த துண்டுகளை ஒட்டுப்போடுவதுபோல் பொருத்தி, இடுக்குகளில் மணல் தூவினார். நானும் மகளும் புல்லில் ஒட்டிய சேற்றைக் கழுவினோம். மாலை நாலு மணிக்குள் அந்தச் சமதரை முற்றம் பச்சையாகிவிட்டது. உண்மையைச் சொன்னால், எங்கள் சரிவில் இருந்ததைவிட அங்கேதான் அது நன்றாக இருந்தது.

ஞாயிறு நல்ல வெயில். ரோட்டிலிருந்து வரும் பாதையில் கீழ்வீடுதான் முதலில் வரும். மாப்பிள்ளையின் அம்மா புல்தரையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இதுதான் ஒங்க வீடுங்களா?"

"இல்லங்க. வீடு மேல இருக்கு. வாசல் மட்டும் நேத்து இங்க எறங்கி வந்துருச்சு" என்றேன்.

நடந்ததை மகள் சொன்னாள். மாப்பிள்ளையின் அப்பா சிரித்த சிரிப்பில் தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்க வேண்டியதாயிற்று. வந்ததிலிருந்து இறுக்கமாக உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்களும் அதன்பிறகு காலை நீட்டி உட்கார்ந்தார்கள். தட்டு மாற்றும்போது மாத்தயாவையும் அவர் மனைவியையும் எங்கள் பக்கத்து ஆட்களாக உட்கார வைத்தோம்.

புல் பிடித்திருக்கிறதா என்று பார்க்கக் காலையிலேயே வந்த கொந்தராத்துக்காரர், போக மனமில்லாமல் வடைத் தட்டோடு சுற்றிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அப்பா அவரை நிறுத்தினார்.

"எங்க வீட்டுக்கும் ஒரு வாசல் செஞ்சு குடுங்க. ரெண்டு மாசம் ஆனாலும் நாங்க அவசரப்படுத்த மாட்டோம்."

கொந்தராத்துக்காரர் என்னைப் பார்த்தார். நான் தேநீரைப் பார்த்தேன்.

கல்யாணம் முடிந்து மகள் ஹட்டனுக்குப் போன பிறகு, எங்கள் சரிவின் வேலையை அவர் சொன்ன ஒழுங்கிலேயே செய்யவிட்டேன். முதலில் கான், பிறகு கல்கட்டு, பிறகு காத்திருத்தல். இப்போது மூன்று தட்டிலும் செடிகள் நிற்கின்றன. மேல்தட்டில் ரோஜா, நடுவில் டேலியா, கீழ்த்தட்டில் என் கணவர் கறிக்கு வேண்டுமென்று பிடிவாதமாக நட்ட லீக்ஸ். புல்லை மாத்தயாவிடம் திருப்பிக் கேட்கவில்லை. அவர் அதை வெட்டுவதற்கென்றே ஒரு பெரிய கத்தரிக்கோல் வாங்கியிருந்தார்.

மிஞ்சிய கல்லில், யாரும் கேட்காமலே, கொந்தராத்துக்காரர் இரண்டு வீட்டுக்கும் நடுவில் படி கட்டினார். மாத்தயாவின் மனைவி அதில் ஏறி வந்து லீக்ஸ் பிடுங்கிக்கொண்டு போகிறார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நாங்கள் பிளாஸ்கில் தேநீரோடு கீழே இறங்கி, இருட்டும்வரை புல்லில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறோம்.