ஆயில் பார்க்க அப்பா நிறுத்திய வண்டி

அப்பாவின் உடல்நிலை வீட்டிலிருந்த எங்களுக்கே எப்படித் தெரியாமல் போயிற்று என்று துக்கத்திற்கு வந்த உறவினர்கள் பலர் கேட்டீர்கள். அன்று பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஓராண்டு நினைவு நாளில் உங்கள் கைக்கு வரும் இந்த மலரில் சொல்லிவிடுகிறேன். எல்லாம் அந்தப் பழைய காரால் வந்த வினை.

அப்பா தூத்துக்குடிப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, அரசு வேலைக்காக ஒரு டிரங்குப் பெட்டியோடு கப்பலேறி அந்தமானின் போர்ட் பிளேர் வந்தார். நிக்கோபார் தீவின் கேம்பல் பேயில் எட்டு ஆண்டுகள் தனியாகக் கிடந்து உழைத்து, போர்ட் பிளேரின் டெய்ரி ஃபார்ம் பகுதியில் எங்களுக்கு வீடு கட்டினார். காய்ச்சலில் கிடந்தாலும், "ஒண்ணுமில்ல, லேசா உடம்பு சூடு" என்பார். பிறருக்குச் சிரமம் கொடுக்கவே மாட்டார். அந்த நல்ல குணம்தான் எங்களைக் கவிழ்த்தது.

ஓய்வுபெற்ற பின், தீவை விட்டு மெயின்லேண்டுக்கு மாற்றலாகிப் போன அதிகாரி ஒருவரிடம் அந்தக் காரை வாங்கினார். அன்று பிடித்தது எங்களுக்குத் தலைவலி. உப்புக்காற்று ஒயரை அரித்ததோ என்னவோ, ஆயில் அளவைக் காட்டும் சென்சார் பழுதாகி, ஆயில் போதுமான அளவு இருக்கும்போதே எச்சரிக்கை விளக்கு எரியும். மாற்று சென்சார் கப்பலில் வரவேண்டும். முதலில் வந்தது வேறு மாடலுக்கானது. அதைத் திருப்பி அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தோம்.

விளக்கு எரிந்தால் அப்பா வண்டியை ஓரங்கட்டி இஞ்சினை அணைப்பார். ஆயில் கீழே இறங்க ஐந்து நிமிடம் விடவேண்டுமாம். பிறகு பானெட்டைத் திறந்து, அளவுக் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்ப்பார். ஆயில் சரியாகத்தான் இருக்கும்.

நான் பள்ளி ஆசிரியை. காலையில் அப்பாதான் கொண்டுவிடுவார். வழியில் ஜங்லிகாட் மேடு ஏறியதும் வண்டி நிற்கும்.

"எம்மா, லைட்டு எரியுது. அஞ்சு நிமிஷம்."

"ஐயோ அப்பா! நேத்துதானே பாத்தீங்க? அதுக்குள்ள ஆயிலை யாரு குடிச்சிட்டுப் போனா?" என்று கத்துவேன்.

ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது இரண்டு இடத்தில் நிறுத்தினார். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் தாலி கட்டி முடிந்துவிட்டது. "இந்த வீட்டுல எனக்கு ஏது மதிப்பு? அந்த லைட்டுக்குத்தானே மதிப்பு!" என்று அம்மா பந்தியில் உட்காரும்வரை பொரிந்து தள்ளினார். அப்பா சிரித்துக்கொண்டே இருந்தார்.

ஒரு நாள் காலையில் வீட்டு வாசலிலேயே மயங்கி விழுந்தார். "ஒரு வருஷமாவே இதயம் சரியில்ல. மேடு ஏறினா, ஸ்டீயரிங்கை இழுத்துத் திருப்பினாக்கூட மூச்சு வாங்கியிருக்கும். உங்ககிட்ட சொல்லலையா?" என்றார் மருத்துவர். இல்லை என்றோம். நான்காம் நாள் அப்பா எங்களை விட்டுப் போய்விட்டார்.

காரியங்கள் முடிந்தபின், காரை விற்றுவிடலாம் என்று ஜங்லிகாட் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். முதலில் அந்தப் பாழாய்ப்போன சென்சாரை மாற்றுங்கள் என்றேன். அவர் விழித்தார். இந்தி கலந்த தமிழில் கேட்டார்.

"மேடம், அதை மாத்தி ஒரு சால், ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. அப்புறம் லைட் எரியவே இல்ல. சாப் உங்ககிட்ட போலா நஹி?"

இல்லை, சார் எங்களிடம் சொல்லவில்லை. எரிகிறது என்று அவர் சொன்ன விளக்கை நாங்கள் ஒருவரும் எட்டிப் பார்த்ததும் இல்லை. அந்த ஓராண்டும் அவர் நிறுத்தியது மூச்சு வாங்கத்தான். பானெட்டுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். எனக்கு இன்னும் ஆத்திரம் ஆறவில்லை. சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா அப்பா? அடுத்த பிளைட்டிலேயே சென்னைக்குக் கூட்டிப் போயிருப்பேனே!

மருத்துவமனையில் மாறி மாறி உடனிருந்த டெய்ரி ஃபார்ம் அண்டை வீட்டார், கடல் கடந்து வந்து எங்களைத் தாங்கிய பெரியப்பா குடும்பத்தார், மறைக்காமல் உண்மையைச் சொன்ன மெக்கானிக், எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறோம். அப்பாவுக்குத் துணையாக நின்றவர்கள் வரிசையில் என் பெயர் வராது. அந்த மேட்டில் வண்டி நின்றபோதெல்லாம் கடிகாரத்தைப் பார்த்தபடி உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு நாளாவது இறங்கிப் போய் அவர் பக்கத்தில் நிற்கவில்லை.