கேட்டால்தான் அவுட்

போன ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் ஒரு மனிதர் தொண்ணூற்றெட்டு ரன்னில் அவுட் ஆனார். விரலைத் தூக்கி அவுட் கொடுத்தவர் வேறு யாருமல்ல... அவருடைய மனைவியின் சொந்தத் தம்பி!

குடும்பத்துக்குள் பழைய பகை ஏதாவது இருக்குமோ என்று உங்களுக்குத் தோன்றும். அதெல்லாம் இல்லை. மைத்துனன் ஜெகன் அக்கா வீட்டு மாடி அறையில்தான் குடியிருக்கிறான். மூன்று வேளையும் அக்கா கையால்தான் சாப்பாடு. அப்படிப்பட்டவன் விரலைத் தூக்கினான் என்றால் சும்மாவா?

முதலில் அவுட் ஆனவரைச் சொல்லிவிடுகிறேன். வசந்தன் அண்ணை. யாழ்ப்பாணத்துக்காரர். இங்கே ரொட்டித் தொழிற்சாலையில் அதிகாலை ஷிப்ட். நாற்பதைத் தாண்டிவிட்டார், முழங்கால் ஒத்துழைப்பதில்லை. சதம் அடிக்கிற வயதில் ஊரில் அவருக்கு மைதானம் இல்லை — அதை ராணுவம் எடுத்துக்கொண்டிருந்தது. இங்கே வந்த பிறகு எண்பது அடித்திருக்கிறார், ஒரு முறை தொண்ணூறைக்கூடத் தொட்டிருக்கிறார். சதம் மட்டும் இல்லை. "இந்த சீசனோட சரி" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

நான் இங்கே படிக்க வந்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த யாழ்ப்பாணத்து அணியோடு ஒட்டிக்கொண்ட மதுரைப் பக்கத்துப் பையன். கால்பந்து கிளப் ஒன்று இரக்கப்பட்டுக் கொடுத்த ஓரத்து மைதானம். நடுவில் விரிப்பைப் போட்டால் அதுதான் எங்கள் பிட்ச். உலகக்கோப்பை கால்பந்து முடிந்து சில வாரங்கள்தான் ஆகின்றன. எதிர்வீட்டு பால்கனிகளில் கொடிகள் இன்னும் தொங்குகின்றன. நாயோடு நடக்க வருகிறவர்கள் வேலியோரம் நின்று, "இது பேஸ்பால்தானே?" என்கிறார்கள். நாங்களும் அலுக்காமல், இல்லை என்கிறோம்.

எங்கள் லீக்கில் ஒரு வழக்கம் உண்டு. சம்பளம் கொடுத்து அம்பயர் வைக்க வசதியில்லை. அதனால் பேட்டிங் செய்கிற அணியே இரண்டு பேருக்கு வெள்ளைக் கோட் மாட்டி அனுப்ப வேண்டும். யோசித்துப் பாருங்கள்... தன் ஆளுக்குத் தானே தீர்ப்புச் சொல்வது! நம் ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

ஆனால் கிரிக்கெட் வளர்ந்ததே இப்படித்தான். அந்தக் காலத்தில் ஒவ்வொரு அணியும் தன் அம்பயரைத் தானே கூட்டிக்கொண்டு வருமாம். பிரபுக்கள் பெரும் பந்தயம் கட்டிய ஆட்டங்களில்கூட இப்படித்தானாம்.

இதெல்லாம் உனக்கெப்படித் தெரியும் என்பீர்கள். எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அதனாலோ என்னவோ, அச்சடித்த எதைக் கையில் எடுத்தாலும் கடைசிப் பக்கம் வரை படிக்காமல் விடமாட்டேன். கிரிக்கெட் விதிப் புத்தகத்தையும் விடவில்லை. அது எப்படி வந்தது என்ற கதைகளையும் விடவில்லை.

என்ன அழகான கதைகள்! தென் இங்கிலாந்தில் ஆடுகள் மேய்ந்து மேய்ந்து கட்டையாக்கிய புல்வெளி. ஹாக்கி மட்டைபோல நுனி வளைந்த பேட். இரண்டே ஸ்டம்ப். ஒருநாள் நல்ல பவுலர் ஒருவர் போட்ட பந்து இரண்டுக்கும் நடுவே புகுந்து போகிறது, மறுபடியும் போகிறது... பேட்ஸ்மேன் அவுட் இல்லை! பாவம், அவர் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் மூன்றாவது ஸ்டம்ப் வந்ததாம். அண்ணனுக்குப் பந்து போட்ட ஒரு பெண், அகலப் பாவாடை தடுக்குகிறதே என்று கையை உயர்த்தி வீசினாள். கையை உயர்த்திப் போடும் பவுலிங்குக்கு வழி பிறந்தது என்று இன்னொரு கதை. இந்த ஆட்டமே இங்கிலாந்தில் பிறக்கவில்லை, கடலுக்கு இந்தப் பக்கம் இருந்து பிழைக்கப் போன பெல்ஜியத்து நெசவாளர்கள் கொண்டுபோனது என்றுகூடச் சிலர் சொல்கிறார்கள். அது நிஜமானால்? கெல்சென்கிர்ச்சனிலிருந்து அந்த நாடு காரில் சில மணி நேரம்தான். ஊரைவிட்டுப் போனவர்களோடு போன ஆட்டம், ஊரைவிட்டு வந்தவர்களோடு திரும்பி வந்திருக்கிறது!

எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று இருக்கிறது. பந்து வீசும் அணி கேட்டால் ஒழிய, அதாவது அப்பீல் செய்தால் ஒழிய, அம்பயர் அவுட் கொடுக்கக் கூடாது. கண்ணால் பார்த்திருந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. கால்பந்தில் நடுவர் தானே விசில் ஊதுவார். இங்கே கேட்க வேண்டும். கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

எதிரணி பிராங்பேர்ட்டிலிருந்து வந்தது. பெரும்பாலும் இந்திய ஐடி பையன்கள். கீப்பர் மட்டும் ஜெர்மன்காரன். பெயர் லூகாஸ். அறை நண்பனைப் பார்த்து ஆசைப்பட்டு, இந்தக் கோடையில்தான் ஆட வந்திருக்கிறான். எங்கள் பக்க அம்பயர்கள் பவுலர் முனையில் ஜெகன், ஸ்கொயர் லெக்கில் நான்.

வசந்தன் அண்ணை தொண்ணூற்றெட்டு. எல்லைக்கோட்டில் அவர் மனைவி கலா அக்கா கேமராவோடு எழுந்து நின்றுவிட்டார்.

அடுத்த பந்து. பக்கத்துத் தண்டவாளத்தில் எஸ்-பான் ரயில் தடதடவென்று போகிறது. அண்ணை பேட்டை வீசினார். பந்து லூகாஸின் கையுறைக்குள். பவுலர் தலையில் கைவைத்தபடி திரும்பி நடந்தார். யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. யாரும் எதுவும் கேட்கவுமில்லை.

லூகாஸ் மட்டும் பந்தைப் பிடித்தபடி ஜெகனையே பார்த்துக்கொண்டிருந்தான் — விசிலுக்குக் காத்திருக்கிற மாதிரி. ஜெகனின் கைகள் கோட் பாக்கெட்டில். முகத்தில் ஈயாடவில்லை. வசந்தன் அண்ணை குனிந்து விரிப்பைத் தட்டிக்கொண்டிருந்தார்.

லூகாஸ் பந்தை பவுலருக்கு வீசிவிட்டான். அப்பாடா என்று நான் மூச்சு விட்டேன். ஆனால் அவன் நல்ல மாணவன். புரியாததைப் புரியாமலே விட மனமில்லை. நான்கடி முன்னால் வந்து மரியாதையாக ஜெர்மனில் கேட்டான்:

"மன்னிக்க வேண்டும்... அது பேட்டில் பட்டதா, இல்லையா?"

ஜெகனின் விரல் மேலே போனது.

அதோடு தேநீர் இடைவேளையும் வந்தது. பிறகு எல்லைக்கோட்டில் நடந்ததை எழுத இந்தப் பக்கம் போதாது. எங்கள் ஆட்கள் ஜெகனைச் சூழ்ந்துகொண்டார்கள். உனக்கு இன்றிலிருந்து டோனர் கெபாப் கடையில்தான் சாப்பாடு என்றார் ஒருவர். வசந்தன் அண்ணை காலில் கட்டிய பேடைக் கழற்றாமலே கத்தினார்.

"அவன் அப்பீல் பண்ணேல்லையடா. டவுட் கேட்டவன்!"

"கேட்டவன்தானே அத்தான்," என்றான் ஜெகன். "பந்து பட்டுத் திரும்பினதை நான் கண்டனான். கேட்டாப் பிறகு என்னெண்டு பொய் சொல்லுறது?"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். விதிப் புத்தகம் படித்தவன் ஆயிற்றே! நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன்: இன்ன வார்த்தையில்தான், இன்ன மொழியில்தான் என்பதில்லை... என் கணக்கில் அதுவும் கேள்விதான்... அடுத்த பந்துக்கு பவுலர் ஓடத் தொடங்கும் வரை கேட்கலாம்.

"தம்பி, நீர் படிச்சது காணும்," என்றார் அண்ணை. அவர் ஊர்த் தமிழில் 'காணும்' என்றால் 'போதும்'.

இதற்குள் லூகாஸ் ஓடி வந்தான். தன் கேள்விதான் விக்கெட்டை எடுத்தது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். முகமெல்லாம் சிவந்து, தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அண்ணை அவனை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

அப்போது கலா அக்கா வந்தார். ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் தம்பி. ஜெகன் அக்காவைப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்தான். அக்கா கேமராவை மூடிப் பைக்குள் வைத்தார். அவருக்கு விதியும் தெரியாது, அப்பீலும் தெரியாது.

"இஞ்சேருங்கோ," என்றார் புருஷனைப் பார்த்து. "பந்து பட்டதோ, இல்லையோ?"

வசந்தன் அண்ணை புல்லில் உட்கார்ந்து, குனிந்து பேடின் வாரை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கடைசி வாரும் கழன்ற பிறகு நிமிர்ந்தார்.

"ஓம்... மெல்லிசாப் பட்டதுதான்."

"பிறகென்ன? எழும்புங்கோ, தேத்தண்ணி ஆறுது. ஜெகன், நீயும் வா. அந்த வெள்ளைக்காரப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா."

அரை மணி நேரம் விதியைப் பற்றிச் சண்டை போட்டோம். பேட்டைப் பிடித்திருந்தவரிடம் கேட்க எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கேட்டால்தான் பதில் என்ற சட்டம் பேட்ஸ்மேனுக்கும் உண்டு போல!