எல்லாமே ஒன்றாம் தேதி

பசங்கள் அவளுக்கு வைத்த பெயர் எஃப் எட்டு மேடம். கணக்கு மென்பொருளில் விற்பனையைப் பதிய அந்தப் பொத்தானைத்தான் அழுத்த வேண்டும். அதைத் தொண்டை கிழியக் கத்தியே கல்லூரி லேபில் அவளுக்கு வயது ஏறிவிட்டது. ஒரு கணினிக்கு நாலு பேர். ஒருவன் தட்ட, ஒருத்தி வேடிக்கை பார்க்க, மற்ற இருவர் கதையளக்க, மணி அடித்துவிடும். வேலைக்குப் போனால் சமாளிப்பீர்களா என்று கேட்டால், "அதெல்லாம் வந்துரும் மேடம்" என்பார்கள். என்ன வரும் என்பது அவளுக்கல்லவா தெரியும்.

கல்லூரி காசு கொடுத்து மென்பொருள் வாங்கியதே இல்லை. மாணவர்களுக்கென்று இலவசமாகக் கிடைக்கும் பதிப்பே போதுமாம். அந்த இலவசத்தில் ஒரு கோணல் உண்டு. மாதத்தின் முதல் இரண்டு நாளும் கடைசி நாளும் தவிர வேறு தேதியை அது ஏற்காது. முழுப் பதிப்பு வாங்கித் தரும்படி முதல்வரிடம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள். "பாக்கலாம்மா" என்று சொல்லிச் சொல்லியே அவர் ஓய்வு பெற்றார். அடுத்து வந்தவரும் அதே பாட்டைத்தான் பாடினார். கடைசியில் அவளே ஒரு வழி செய்தாள். "தேதியப் பத்திக் கவலப்படாதீங்க, எல்லாத்துக்கும் ஒண்ணுன்னு போடுங்க" என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு லேப் தொல்லையில்லாமல் நடந்தது.

இந்த வருடம் விடுமுறைச் சம்பளத்தையும் நிறுத்திவிட்டார்கள். ஒப்பந்த வேலை, வாயைத் திறக்க முடியாது. உடம்பும் ஓய்ந்துபோயிருந்தது. ஒரு டைல்ஸ் மொத்தக் கடையில் கணக்கு எழுத ஆள் தேடுவதாகத் தங்கை சொன்னதும் விண்ணப்பித்தாள். ஒரு நாள் உட்கார்ந்து வேலை செய்து காட்ட வேண்டும். தேறினால் கல்லூரிக்கு ஒரு பெரிய கும்பிடு.

"இத்தன வருஷமா ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுத்தே. நீ எந்தக் கடையில கணக்கு எழுதியிருக்கே?" என்று கணவன் சீண்டினான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எந்தக் கடையிலும் எழுதியதில்லை.

சனிக்கிழமை போனாள். கடைக்குப் பின்னால், அடுக்கிய பெட்டிகளுக்கு நடுவே ஒரு மேசை. முதலாளி அந்த மாதத்து பில் கட்டைக் கொடுத்துவிட்டு வாடிக்கையாளரைக் கவனிக்கப் போனார். அவள் விரல்கள் பறந்தன. மதியத்துக்குள் கட்டு முடிந்தது. வெகுநாள் கழித்து அவளுக்குத் தன்மேல் கொஞ்சம் பெருமை வந்தது.

முதலாளி வந்து திரையைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"என்னம்மா இது, எல்லா பில்லும் ஒண்ணாந்தேதியில இருக்கு?"

எட்டிப் பார்த்தாள். ஏழாம் தேதி பில், பதினெட்டாம் தேதி பில், எல்லாவற்றுக்கும் ஒன்று. அவள் நினைத்துப் போடவில்லை, கை பாட்டுக்குப் போட்டிருக்கிறது.

"ஒண்ணாந்தேதி நாங்க கடையே தெறக்கல" என்றார் அவர்.

அவளுக்கு முகம் செத்துப்போனது. இலவசப் பதிப்பைப் பற்றி, அதன் கோணலைப் பற்றி, தட்டுத் தடுமாறிச் சொன்னாள். பொறுமையாகக் கேட்டுக்கொண்ட முதலாளி அவளுடைய விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தார்.

"இதே காலேஜ்லருந்து போன வருஷம் ரெண்டு பொண்ணுங்க வந்தாங்க. அவங்களும் இப்படித்தான், எல்லாமே ஒண்ணாந்தேதி. மார்க்கெல்லாம் பிரமாதம். கவனமில்லாத பிள்ளைங்கன்னு நெனச்சு அன்னைக்கே அனுப்பிட்டேன்."

அந்த மார்க்கைப் போட்டவள் அவள்தான்.

"இன்னொரு நாள் குடுங்கன்னு கேட்டாங்களா சார்?"

"கேட்டாங்க. ஒருத்தி அழுதுட்டா. எனக்கு எங்கேம்மா நேரம்?" பில் கட்டை மறுபடியும் அவள் பக்கம் தள்ளினார். "நீங்க அனுபவசாலி, தப்பு எங்கேன்னு புரிஞ்சுபோச்சு. இதத் திருத்திக் குடுத்துட்டு திங்கக்கிழமைலருந்து வந்துருங்க."

அவர்களையும் கூப்பிட்டுப் பாருங்கள் என்று சொல்ல வாய்வரை வந்தது. ஆனால் அங்கே இருந்தது ஒரே ஒரு நாற்காலி, அதில் அவள் உட்கார்ந்திருந்தாள். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தைவிட அலுப்பு பெரிதாக இருந்தது.

"வந்துடறேன் சார்" என்றாள்.